சேவல் காசு கையில் கிடைத்தால்

உலு யாம் பக்கத்தில் பழைய பெட்டியிலோ தோட்டத்து மண்ணிலோ சேவல் பொறித்த செம்புக் காசு ஒன்று கிடைத்தால், கை முதலில் புளியைத் தேடும். தேய்க்க வேண்டாம். காசின் வயதுக்குச் சாட்சி அந்தக் கருமைதான். பளபளவென்று ஆக்கிவிட்டால் சேகரிப்பவர்கள் மதிக்கமாட்டார்கள். அழுக்கோடு எழுத்து தெரியாதே என்பீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் காசை ஊறவைத்து மண்ணைக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். பிறகு இருட்டில் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும்.

அடுத்து எழுத்தைப் படியுங்கள். சேவலோடு ஜாவி எழுத்தில் ‘தானா மலாயு’ (மலாய் நாடு) என்றும், பின்புறம் ‘சாத்து கெப்பிங்’ (ஒரு கெப்பிங்) என்றும் இருக்கும். அடியில் நான்கு இலக்கங்கள்: செங்குத்துக் கோடு 1, உச்சியில் கொக்கி வளைந்த கோடு 2, திருப்பிப் போட்ட 3 போன்றது 4, மேலே விரிந்த இரு கோடுகள் 7. சேர்த்தால் 1247. இது இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு. இதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய 1831 வரும்.

படித்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம். சில்லறைத் தட்டுப்பாட்டை ஈடுகட்டவும் லாபம் பார்க்கவும் சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தில் அச்சடித்து இறக்கிய தனியார் காசு இது. 1251 என்ற ஆண்டோடு சிலாங்கூர், பேராக், திரங்கானு பெயர்களிலும் வந்தன. ஊர்ப்பெயர் இருப்பதால் சுல்தான் வெளியிட்டது என்று ஆகிவிடாது. ஆண்டும் அப்படித்தான்: கிழக்கிந்தியக் கம்பெனியின் சுமத்ரா காசைப் பார்த்துப் பின்னாளில் அடித்தவற்றிலும் 1804 என்றே போட்டார்கள். எடை குறைவாக இருந்தால் அந்த ஆண்டைச் சந்தேகியுங்கள்.

தோட்டத்தில் கிடைத்ததால் தோட்டக் கூலிக் காசாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். ரப்பர் தோட்டங்கள் இங்கே பரவியது 1900ஐ ஒட்டித்தான். காசு அதற்கு இரண்டு தலைமுறை முந்தியது. கொழும்பின் காப்பிக் கம்பெனிகள் கூலிக்குக் கொடுத்த வில்லைகளில் கம்பெனிப் பெயரே இருக்கும். இதில் யார் பெயரும் இல்லை.

பிறகு உலோகத்தைப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் செம்பு அல்ல. பூதக்கண்ணாடியில் குமிழித் துளைகளோ விளிம்பில் வார்ப்புத் தழும்போ தெரிந்தால், அது வார்த்த போலி. அசல் அச்சில் அடித்தது. எடை, விட்டம், இரு பக்கப் படம், கிடைத்த இடம், கூடக் கிடைத்த பொருள் எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். மண்ணிலிருந்து எடுத்ததென்றால், விற்பதற்கு முன் கோலகுபு பாருவிலுள்ள உலு சிலாங்கூர் மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் அதைக் கேட்கிறது.