கணினியும் கடைமடையும்

நுழையும்முன்

மின்விசையை அழுத்தியதும் கணினி கண்விழிப்பது அன்றாட நிகழ்வாகிவிட்டது. அந்தச் சில நொடிகளுக்குள் நிகழும் பணிகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருநாள் அது எழ மறுக்கும்போதுதான் பதற்றம் தோன்றுகிறது. பதற்றத்தில் எடுக்கும் முடிவு, பழுதைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கக்கூடும். லினக்ஸ் இயக்க அமைப்பு நிறுவப்பட்ட கணினி தொடங்காதபோது, பழுது உள்ள இடத்தை முறையாகக் கண்டறிந்து சீர்செய்யும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

ஆய்வகத்தில் ஒரு காலை

ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மறுநாள் செய்முறைத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பல வாரங்கள் உழைத்து உருவாக்கிய செயல்திட்டக் கோப்புகள் அனைத்தும் ஒரே கணினியில் உள்ளன. அவற்றுக்கு வேறு படி எடுத்து வைக்கப்படவில்லை. அன்று காலை அக்கணினியை இயக்கியபோது, வழக்கமான வரவேற்புத் திரை தோன்றவில்லை. கருந்திரையில் வெள்ளை எழுத்துகளில் சில வரிகள் ஓடின. ஒன்றரை நிமிடம் கழிந்தும் கணினி அதே இடத்தில் நின்றது.

"ஐயா, கணினி கெட்டுவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவைப் புதிதாக நிறுவிவிடலாமா? அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்" என்றான் ஒரு மாணவன்.

"நிறுவலாம் தம்பி. ஆனால் உங்கள் கோப்புகளும் அல்லவா சேர்ந்து அழியும்? முதலில் ஒன்று சொல். கணினி எதுவரை வந்து நின்றது?" என்று கேட்டார் ஆசிரியர்.

மாணவனிடம் விடை இல்லை. திரையில் இருந்த வரிகளை அவன் படிக்கவே இல்லை.

ஆசிரியரின் வினா எளியது. ஆயினும் பழுதறியும் கலை முழுவதும் அதில் அடங்கியுள்ளது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், உழவர் உடனே ஏரியைக் குறைகூறுவதில்லை. வாய்க்காலைத் தூர்த்துவிட்டுப் புதிதாக வெட்டுவதுமில்லை. கரையோரமாக நடந்து சென்று, எந்த மடைவரை நீர் வந்திருக்கிறது என்று பார்க்கிறார். நீர் வந்த கடைசி மடைக்கும் வராத முதல் மடைக்கும் இடையில்தான் அடைப்பு இருக்கும். கணினி தொடங்கும் முறையும் இத்தகைய வாய்க்காலே. ஒரு படி தன் பணியை முடித்து அடுத்த படியிடம் ஒப்படைக்கிறது. எந்தப் படியில் ஓட்டம் நின்றது என்பதை அறிந்தால், பாதிப் பழுது தீர்ந்ததாகும்.

தொடங்குதலின் ஐந்து படிகள்

லினக்ஸ் கணினி தொடங்குவதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதற்படியில், தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள் விழித்தெழுகிறது. பழைய கணினிகளில் இது பயாஸ் எனவும், இன்றைய கணினிகளில் யுஇஎஃப்ஐ எனவும் வழங்கப்படுகிறது. நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவை உள்ளனவா என இது சோதிக்கிறது.

இரண்டாம் படியில், நிலைபொருள் வட்டிலிருந்து தொடக்க ஏற்றியைத் தேடி இயக்குகிறது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இப்பணியைச் செய்வது கிரப் என்னும் நிரல்.

மூன்றாம் படியில், கிரப் இரண்டு பொருள்களை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஒன்று, கெர்னல் எனப்படும் உட்கரு. மற்றொன்று, இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் தற்காலிகக் கோப்புத் தொகுதி. வட்டைத் திறப்பதற்கு வேண்டிய இயக்கிகள் இத்தொகுதியில் உள்ளன. வட்டைத் திறந்த பின்னரே அதிலுள்ள முதன்மைக் கோப்பு முறைமையை உட்கரு அடைய இயலும்.

நான்காம் படியில், உட்கரு முதல் செயலைத் தொடங்கிவைக்கிறது. இன்று பரவலாக உள்ள லினக்ஸ் வகைகளில் அது சிஸ்டம்டி ஆகும். அதன் செயல் எண் 1. பிற வட்டுப்பிரிவுகளை இணைத்தல், வலையமைப்பை இயக்குதல், சேவைகளைத் தொடங்குதல் ஆகியன இதன் பொறுப்பு.

ஐந்தாம் படியில், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் உள்நுழைவுத் திரை தோன்றுகிறது.

தெரிந்து தெளிவோம்

கணினியைத் தொடங்குவதைக் குறிக்கும் பூட்டிங் என்ற சொல், காலணியின் பின்புறமுள்ள வாரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவர் தம் காலணி வாரைப் பிடித்துத் தம்மைத் தாமே தூக்கிக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கில வழக்கே இதற்கு அடிப்படை. நினைவகத்தில் எந்த நிரலும் இல்லாத கணினி, சிறு நிரலொன்றின் துணையால் பெரிய நிரலை ஏற்றிக்கொள்வது அத்தகைய செயல் அன்றோ?

திரை இருண்டே இருந்தால்

மின்விசையை அழுத்தியும் திரையில் எதுவும் தோன்றவில்லையெனில், ஓட்டம் முதற்படியிலேயே நின்றுள்ளது. அந்நிலையில் லினக்ஸ் இன்னும் களத்திற்கே வரவில்லை. அதைக் குறைகூறிப் பயனில்லை. மின்வடம், திரையின் இணைப்பு, நினைவகப் பலகை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நினைவகப் பலகை தன் செருகியில் சரியாக அமரவில்லையெனில், பல கணினிகள் ஒலிக்குறிப்புகளை எழுப்பி அதனை உணர்த்தும்.

நிறுவனச் சின்னம் தோன்றியபின், தொடங்குவதற்குரிய வட்டு இல்லை என்னும் பொருள்பட ஒரு செய்தி வரலாம். வட்டின் வடம் கழன்றிருத்தல், வட்டுகளைத் தேடும் வரிசை மாறியிருத்தல், வட்டே பழுதடைந்திருத்தல் ஆகிய மூன்றும் இதற்குரிய காரணங்கள். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் வலுவிழந்தால், நிலைபொருளின் அமைப்புகளும் நாள், நேரக் குறிப்புகளும் மாறிவிடுவதுண்டு. கணினியின் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், முதலில் அந்த மின்கலத்தை ஐயுற வேண்டும்.

கிரப் வழி தவறினால்

கருந்திரையில் கிரப் ரெஸ்கியூ என்ற சொற்கள் மட்டும் தோன்றி, கணினி கட்டளைக்காகக் காத்திருந்தால், ஓட்டம் இரண்டாம் படியில் நின்றுள்ளது. கிரப்பின் முதற்பகுதி இயங்கிவிட்டது; அதன் எஞ்சிய பகுதிகள் இருக்கும் வட்டுப்பிரிவு அதற்கு அகப்படவில்லை. வட்டுப்பிரிவுகளை அழிக்கும்போதோ மாற்றியமைக்கும்போதோ இப்பழுது நேர்வதுண்டு.

பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகள் தனிச்சிறப்புடையவை. அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வட்டுப்பிரிவு அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. ஒரே வட்டில் லினக்ஸுக்குப் பின்னர் விண்டோஸை நிறுவினால், அத்தொடக்க நிரலின்மீது விண்டோஸின் நிரல் எழுதப்படும். அதன்பின் லினக்ஸ் தொடங்குவதில்லை. ஆயினும், அதன் கோப்புகள் வட்டில் அப்படியே உள்ளன. வீட்டின் பொருள்கள் களவு போகவில்லை. வாசற்கதவின் பூட்டு மட்டுமே மாற்றப்பட்டுள்ளது. விரலியிலிருந்து லினக்ஸைத் தற்காலிகமாக இயக்கி, கிரப்பை மீண்டும் பதித்தால் பழைய நிலை திரும்பும்.

உட்கரு தடுமாறினால்

இயக்க அமைப்பைப் புதுப்பித்த மறுநாள், உட்கரு பேரச்சம் அடைந்ததாகக் கூறும் கெர்னல் பேனிக் என்ற செய்தி தோன்றலாம். முதன்மைக் கோப்பு முறைமையை இணைக்க இயலவில்லை என்பது அச்செய்தியின் உள்ளடக்கமாக இருந்தால், புதிய உட்கருவுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் முழுமையாக உருவாகாதது காரணமாக இருக்கலாம். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்படுவதாலோ வட்டில் இடம் இல்லாமற்போவதாலோ இவ்வாறு நேரும்.

இதற்கான தீர்வை லினக்ஸ் முன்பே ஆயத்தம் செய்து வைத்துள்ளது. புதிய உட்கருவை நிறுவும்போது, பழையதையும் அது பெரும்பாலும் விட்டுவைக்கிறது. உபுண்டுவில் கிரப் பட்டியலின் மேம்பட்ட விருப்பங்கள் என்னும் பகுதிக்குள் சென்றால் பழைய உட்கருவைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் வழியே கணினியைத் தொடங்கி, புதியதைச் சரிசெய்யலாம்.

சில வேளைகளில், கோப்பு முறைமையில் முரண்பாடு உள்ளதாகக் கூறி, இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை வரியிலேயே கணினி நின்றுவிடும். திடீர் மின்தடைக்குப் பின் இது நிகழலாம். எஃப்எஸ்சிகே என்னும் கட்டளை கோப்பு முறைமையைச் சோதித்துச் சீராக்கும். ஆனால், இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கும் வட்டுப்பிரிவின்மீது இக்கட்டளையை ஏவுதல் கூடாது. ஓடும் வண்டியின் சக்கரத்தைக் கழற்றுவதற்கு அது ஒப்பாகும்.

ஆய்வகக் கணினியில் நேர்ந்தது என்ன?

இப்போது ஆய்வகத்திற்குத் திரும்புவோம். ஆசிரியர் சொன்னபடி மாணவன் கணினியை மீண்டும் இயக்கி, இம்முறை ஒவ்வொரு வரியையும் குறிப்பேட்டில் எழுதினான். சின்னம் தோன்றியது, ஆகவே முதற்படி நலம். கிரப் வந்தது, இரண்டாம் படி நலம். உட்கரு ஏறியது, மூன்றாம் படியும் நலம். நான்காம் படியில், ஏதோ ஒரு வட்டுப்பிரிவின் வருகைக்காகக் கணினி 90 நொடிகள் காத்திருந்தது. பின்னர் அவசரநிலைக்குள் புகுந்ததாக அறிவித்து, நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது.

"நேற்று இந்தக் கணினியில் எதையாவது மாற்றினீர்களா?" என்று ஆசிரியர் வினவினார்.

"கூடுதலாகப் பொருத்தியிருந்த வட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் மாட்டினோம் ஐயா."

விடை கிடைத்துவிட்டது. தொடங்கும்போது எந்தெந்த வட்டுப்பிரிவுகளை இணைக்க வேண்டும் என்பதை, எஃப்எஸ்டேப் என்னும் சிறு உரைக்கோப்பைப் படித்து லினக்ஸ் அறிகிறது. கூடுதல் வட்டுக்குரிய வரி அக்கோப்பில் இருந்தது. வட்டு போய்விட்டது, வரி மட்டும் எஞ்சியிருந்தது. வராத விருந்தினருக்காகப் பந்தியையே நிறுத்திவைத்தது போலக் கணினி காத்திருந்தது.

ஆசிரியர் கடவுச்சொல்லை அளித்து உள்நுழைந்தார். பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் காரணத்தை உறுதிசெய்துகொண்டார். எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, கழற்றப்பட்ட வட்டுக்குரிய வரியின் முன்னே ஹேஷ் குறியை இட்டார். அக்குறி இடப்பட்ட வரியை லினக்ஸ் பொருட்படுத்தாது. கணினியை மறுபடி தொடங்கியதும் வரவேற்புத் திரை தோன்றியது. மாணவர்களின் கோப்புகள் அனைத்தும் வைத்த இடத்தில் இருந்தன. மாற்றப்பட்டது ஒரே ஓர் எழுத்துக்குறி.

கூடுதல் வட்டுகளுக்குரிய வரியில் நோஃபெயில் என்ற குறிப்பை முன்பே சேர்த்திருந்தால், அவ்வட்டு இல்லாதபோதும் கணினி தடையின்றித் தொடங்கியிருக்கும் என்பதையும் ஆசிரியர் மாணவர்களுக்கு விளக்கினார்.

வாசல்வரை வந்து நின்றால்

சில கணினிகள் உள்நுழைவுத் திரைவரை வரும். கடவுச்சொல் சரியாக இருந்தும், மீண்டும் அதே திரைக்குத் திரும்பும். வட்டு முழுவதும் நிரம்பியிருத்தல் இதற்குரிய காரணங்களுள் ஒன்று. புதிய அமர்வுக்கான சிறு கோப்புகளை எழுதவும் இடம் இல்லாததால் வரைகலைத் திரை திறப்பதில்லை. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எஃப்3 விசையையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துவழித் திரை கிடைக்கும். அங்கு நுழைந்து, டிஎஃப் கட்டளையால் வட்டின் இடத்தை அறிந்து, தேவையற்ற கோப்புகளை நீக்கலாம்.

முதலில் தரவு, பின்னர் கணினி

இயக்க அமைப்பை இணையத்திலிருந்து எத்தனை முறையும் பெறலாம். வட்டை வாங்கிவிடலாம். மனிதர் உழைத்து உருவாக்கிய கோப்பை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆதலால், பழுதின் தன்மை தெளிவாகாத நிலையில் செய்யத்தக்க முதற்பணி, விரலியிலிருந்து லினக்ஸை இயக்கி, கோப்புகளை வேறோர் வட்டில் படியெடுப்பதே. வட்டிலிருந்து வழக்கத்திற்கு மாறான ஓசை எழுந்தால், கணினியை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் வட்டின் எஞ்சிய ஆயுளைக் குறைக்கக்கூடும்.

சீர்செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்தல் வேண்டும். செய்ததைக் குறித்துவைத்தல் வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்களைச் செய்து கணினி எழுந்துவிட்டால், எது மருந்தாயிற்று என்பது எவருக்கும் விளங்காது. எழாவிட்டால், எது புதிய நோயாயிற்று என்பதும் விளங்காது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு லினக்ஸ் உட்கருவை வெளியிட்டார். திறந்த மூல மென்பொருளான அதன் நிரல்வரிகளை எவரும் படிக்கலாம். தொடங்கும்போது தான் செய்வதையும் தனக்கு இயலாததையும் அது வரிவரியாக எழுதிக்காட்டுகிறது. கருந்திரையின் வெள்ளை எழுத்துகள் அச்சுறுத்தல் அல்ல; தனக்கு எங்கே வலிக்கிறது என்று கணினி கூறும் மொழி. அதைப் பொறுமையுடன் படிப்பவருக்கு, அடைபட்ட மடை எதுவென்று புலப்படும்.

கற்பவை கற்றபின்

1. ஆய்வகத்தில் உள்ள லினக்ஸ் கணினி ஒன்றைத் தொடங்கி, ஐந்து படிகளும் திரையில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை உற்றுநோக்கி அட்டவணைப்படுத்துக.

2. கணினியில் நிறுவனச் சின்னம் தோன்றுகிறது. கிரப் பட்டியலும் தோன்றுகிறது. அதன்பின் ஓட்டம் நின்றுவிடுகிறது. பழுது எந்தப் படியில் இருக்கக்கூடும்? காரணம் தந்து விளக்குக.

3. "இயக்க அமைப்பை மீண்டும் நிறுவுதல் இறுதி வழியே அன்றி முதல் வழி அன்று." இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணையுடன் நிறுவுக.

4. உங்கள் செயல்திட்டக் கோப்புகளுக்குப் படி எடுத்து வைத்துள்ளீர்களா? இல்லையெனில், அதற்கான திட்டம் ஒன்றை வகுத்து இன்றே செயல்படுத்துக.