பட்டுப்புடவைக்கு எந்த லென்ஸ்?

ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கமும் தறி வைத்திருக்கும் பல வீடுகளில் இப்போது மிரர்லெஸ் கேமராவும் இருக்கிறது. புடவையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டால்தான் வெளியூரில் விற்கிறது. அந்த வேலை கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் தலையில் விழுகிறது. அவர்கள் லென்ஸ் வாங்கும் விதம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. ரீல்ஸில் ஒன்றைப் பார்த்து மயங்குகிறார்கள். இல்லையென்றால், “மாமா ஸ்டூடியோவில என்ன வெச்சிருக்காரோ அதையே வாங்கு” என்கிறார் அப்பா. எடுக்கப்போவது பட்டு என்பதை இருவருமே யோசிப்பதில்லை.

கேமராவோடு வரும் கிட் லென்ஸ் எல்லோரிடமும் உண்டு. 16 எம்.எம். பக்கம் வைத்தால் புடவையின் கரை வில்லாக வளையும். கேமரா அதைக் கணக்குப் போட்டு நிமிர்த்தும்போது மூலைகளில் நுணுக்கம் போய்விடும். 35 எம்.எம்.க்கு மேல் வைத்து, அப்பெர்ச்சரை எஃப் 8 ஆக்கினால் பெரும்பாலான கடைகளுக்கு அந்தப் படமே போதும். 50 எம்.எம். எஃப் 1.8 முந்தானையை நெருக்கமாகக் காட்டவும், புடவை கட்டிய பெண்ணை எடுக்கவும் நல்லது. ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 75, 80 எம்.எம். போல நடந்துகொள்ளும், தறி அடைத்துக்கொண்ட அறையில் பின்னால் நகர இடம் இருக்காது. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் சிக்மா 30 எம்.எம். எஃப் 1.4 வாங்கலாம்.

நான் தடுக்க நினைப்பது எஃப் 0.95, எஃப் 1.2 என்று மலிவாக வரும் மேனுவல் லென்ஸ்களை. பின்னணி வெண்ணெயாய் உருகுகிறது என்று பிள்ளைகள் உருகிப்போகிறார்கள். ஆனால் புடவை வாங்குகிறவர் பின்னணியையா பார்க்கிறார்? ஒவ்வொரு புட்டாவும் தெளிவாகத் தெரிய வேண்டும் அவருக்கு. 35 எம்.எம். லென்ஸை எஃப் 0.95இல் திறந்து அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு மடிப்பு தெரியும், அடுத்த மடிப்பு மங்கிவிடும். அதையே எஃப் 8இல் எடுத்தால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும்.

ஜரிகை இதைவிடப் பெரிய சிக்கல். அடர்ந்த பட்டின் மேல் ஜரிகை இழை புள்ளிப்புள்ளியாக மின்னும். முழுக்கத் திறந்த மலிவு லென்ஸில் எல்லா நிற ஒளியும் ஒரே இடத்தில் குவியாது. அதனால் ஒவ்வொரு மின்னலைச் சுற்றியும் ஊதா விளிம்பு கட்டும். ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை. பொன் ஜரிகை ஊதாவாகத் தெரிந்தால், படத்தைப் பார்த்து வாங்கியவர் புடவையைத் திருப்பி அனுப்பத்தான் செய்வார். கம்ப்யூட்டரில் அந்த ஊதாவை உறிஞ்சி எடுத்தால் கத்திரிப்பூ நிறக் கரையும் சேர்ந்து வெளுக்கும். ‘திறப்பைக் குறைத்தால் சரியாகிவிடுமே’ என்பார்கள். ஆகும். ஆனால் எஃப் 8இல் எடுக்கப்போகிறவர் எஃப் 0.95க்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் பழைய மைக்ரோ நிக்கார் 55 எம்.எம். எஃப் 3.5 லென்ஸைத்தான் சொல்வேன். மிரர்லெஸ் கேமராவில் சென்சாருக்கும் லென்ஸ் பொருந்தும் வாய்க்கும் இடைவெளி குறைவு. ஒரு அடாப்டர் வளையத்தில் அது உட்கார்ந்துவிடும். கிட்டத்தில் இருக்கும் பொருளை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. கோர்வை சேரும் இடத்தில் இழை இழையாகக் காட்டும். ஆட்டோஃபோகஸ் கிடையாது; விரித்து வைத்த புடவை எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

கூர்மையான லென்ஸிலும் ஒரு தொல்லை உண்டு. நெசவின் இழைவரிசையும் சென்சாரின் புள்ளிவரிசையும் மோதி, படத்தில் அலையலையாய் இல்லாத கோலம் தெரியும். கேமராவைச் சற்று நகர்த்தினாலோ கோணத்தை மாற்றினாலோ போய்விடும். மயில்கழுத்து நிறம் இன்னும் பொறுமை கேட்கும். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம்; பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும் அந்த நிறத்தை எந்த லென்ஸும் தானாகப் பிடித்துத் தராது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் முக்காலியை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துப் பாவு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. நிறம் பார்க்கும் கண்ணும் வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. பெற்றோரே, லென்ஸை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் கண் எதில் நிற்கிறது என்று கொஞ்சநாள் பாருங்கள். எல்லோருக்கும் புடவைப் படம் கைவராது. மண்டபத்தில் கல்யாணம் எடுக்கத்தான் ஒருவனுக்குப் பிடிக்கிறது என்றால் அவன் கணக்கே வேறு.

கடைக்குப் போகும்போது அடர்நிறத்தில் ஜரிகைக் கரை போட்ட புடவை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கரை படத்தின் ஓரமாக ஓடும்படி வைத்து, முழுக்கத் திறந்து ஒன்று, எஃப் 8இல் ஒன்று எடுத்து, பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். புடவைக்கு நேராகக் கேமராவை வைத்தும், எஃப் 8இல் ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்து பொருந்தியிருக்கக்கூடும். அதே மாடலில் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.