பாயின்டரை மாட்டுறதுக்கு முன்னாடி யாருதுன்னு சொல்லிடு!

லிஸ்ட்பாக்ஸ்ல கஸ்டமர் பேரைக் காட்டி, அந்த வரியோட முழு ரெக்கார்டின் பாயின்டரையும் மாட்டி வைக்கிறது வசதிதான் தங்கச்சி. ஆனா விண்டோவை மூடும்போது அந்த ரெக்கார்டை யாரு டெலீட் பண்றது? விசேஷ வீட்டுக்குப் போற எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டி அனுப்புவோமே, அப்படி இதையும் மாட்டும்போதே முடிவு பண்ணிடணும். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ்ங்கிற சி++ ஜியூஐ லைப்ரரியையே எடுத்துக்கோ.

லிஸ்ட்பாக்ஸ், சாய்ஸ், காம்போபாக்ஸ் மூணுலயும் ரெண்டு வழி இருக்கு. செட்கிளையன்ட்டேட்டா வெறும் வாய்ட் பாயின்டரை வாங்கி வச்சுக்கும். அழிக்கிற வேலை உன்னோடது. செட்கிளையன்ட்ஆப்ஜெக்ட்னா, வரியை நீக்கினாலோ கன்ட்ரோலே அழிஞ்சாலோ ஆப்ஜெக்டை அதுவே டெலீட் பண்ணிடும். அதனால நியூ போட்டு உண்டாக்கினதை மட்டும் கொடு. லோக்கல் வேரியபிளோட அட்ரஸைக் கொடுத்தாலோ, ஒரே ஆப்ஜெக்டை ரெண்டு வரிக்கு மாட்டினாலோ கிராஷை நீயே கூப்பிட்ட மாதிரிதான். ஒரே கன்ட்ரோல்ல ரெண்டு வழியையும் கலக்காதே. வரி போகணும், ஆப்ஜெக்ட் மட்டும் வேணும்னா முதல்ல டிடாச்கிளையன்ட்ஆப்ஜெக்ட் கூப்பிடு. அதுக்கப்புறம் அது உன் பொறுப்பு.

ட்ரீகன்ட்ரோல்ல நோடை நீக்கினா அதோட டேட்டாவும் சேர்ந்து போயிடும். இதை நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க: அதே நோடுக்கு செட்ஐட்டம்டேட்டாவை மறுபடி கூப்பிட்டா பழைய டேட்டா அழியாது, லீக் ஆகும். பழசைக் கையில எடுத்துக்கோ, புதுசை வை, பழசை டெலீட் பண்ணு.

லிஸ்ட்கன்ட்ரோல் மேலதான் எனக்குக் கோபம். அது எதையுமே டெலீட் பண்ணாது. போதாததுக்கு, அதோட செட்ஐட்டம்டேட்டா வாங்குறது லாங். 64-பிட் விண்டோஸ்ல லாங் 32 பிட்தான். பாயின்டர் முழுசா அதுல அடங்காது. செட்ஐட்டம்பிடிஆர்டேட்டாவைப் பயன்படுத்து. வரி நீங்கும்போது வர்ற ஈவென்ட்ல அழிச்சுக்கலாம்னு இருந்துடாதே. டெலீட்ஆல்ஐட்டம்ஸ் கூப்பிட்டா வேகத்துக்காக அந்த ஈவென்ட் வரிவரியா வராது, மொத்தத்துக்கும் தனியா ஒண்ணுதான் வரும்.

நான் செய்யறது என்னன்னா, ரெக்கார்டெல்லாம் ஒரு மேப்புக்குள்ள யூனிக் பாயின்டரா இருக்கும். கன்ட்ரோல்ல ரெக்கார்டோட ஐடி நம்பர் மட்டும்தான். ஐடிக்குப் பதிலா வெக்டரோட இண்டெக்ஸை மாட்டாதே, நடுவுல ஒண்ணு போனா அதுக்குப் பின்னாடி இருக்கிறதெல்லாம் இடம் மாறிடும். சார்ட் பண்ணு, ஃபில்டர் பண்ணு, கன்ட்ரோலையே தூக்கிப் போடு, ரெக்கார்டுக்கு ஒண்ணும் ஆகாது.

புது ஸ்க்ரீனை இப்படியே எழுது. பழைய கோடுல வாய்ட் பாயின்டரைப் பார்த்தா, அதை மாட்டுற இடத்தையும் டெலீட் பண்ற இடத்தையும் தேடிக் கண்டுபிடிச்ச பிறகே கை வை.