வீட்டு ரொட்டிக்கு எந்த மாவு?

நம் மாவட்டம் நெல் விளையும் மாவட்டம். வீராணம் ஏரியின் நீர் பாயும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் கோதுமை விளைவதில்லை. ஆயினும் காய்ச்சல் என்றவுடன் ரொட்டியும் பாலும் கொடுப்பது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்க வருவோர் பலரின் கையிலும் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருக்கக் காண்கிறோம். அண்மைக் காலத்தில் அந்த ரொட்டியை வீட்டிலேயே சுட்டுக்கொள்ளும் குடும்பங்களும் பெருகியுள்ளன.

இக்குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் மைதா ரொட்டியை நிறுத்திவிட்டோம். கோதுமை மாவில் வீட்டிலேயே சுடுகிறோம். இனி அளவு பார்க்க வேண்டியதில்லை அல்லவா?" மாவை மாற்றியது நல்ல முடிவு. அளவைக் கைவிடுவது தீங்கு தரும். இவ்விரண்டுக்கும் காரணம் அறிந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கோதுமை மணியின் மூன்று பகுதிகள்

கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ 83 விழுக்காடு உள்ளிருக்கும் வெண்ணிற மாவுப்பகுதி. வெளியுறையாகிய தவிடு 14 விழுக்காடு அளவில் உள்ளது. எஞ்சிய சிறு பங்கு முளை. நார்ச்சத்தும் இரும்பு முதலிய தாதுக்களும் பெரும்பாலும் தவிட்டில் உள்ளன. எண்ணெய்ச் சத்தும் வைட்டமின்களும் முளையில் மிகுந்துள்ளன. தவிட்டையும் முளையையும் நீக்கி, வெண்பகுதியை மட்டும் நுண்ணியதாக அரைத்தால் கிடைப்பது மைதா.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. ஆனால் புரதம் இரண்டிலும் ஏறத்தாழ 10 கிராம்தான். ஆகவே மைதாவை விலக்குவதால் நாம் முதன்மையாகப் பெறுவது நார்ச்சத்தும் தாதுக்களுமே.

மைதாவில் உள்ள அலாக்சான் என்னும் பொருள் சர்க்கரை நோயை உண்டாக்கும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு அதிக அளவில் செலுத்திச் சர்க்கரை நோயை உண்டாக்கப் பயன்படும் பொருள் அது. மைதா உணவின் வழியாக அது மனிதருக்கு அந்நோயைத் தருகிறது என்பதற்குச் சான்று இல்லை. நார்ச்சத்து இல்லாமையும், எளிதில் மிகுதியாக உண்டுவிடக்கூடிய தன்மையுமே மைதாவைக் குறைக்கப் போதிய காரணங்கள்.

கோதுமை ரொட்டியும் சர்க்கரையை உயர்த்தும்

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோஸை 100 எனக் கொண்டு அளப்பது கிளைசீமிக் குறியீடு. பன்னாட்டு அட்டவணைகளில் வெள்ளை ரொட்டியின் சராசரிக் குறியீடு 75. முழுக்கோதுமை மாவு ரொட்டியின் குறியீடு 74. பலருக்கு வியப்பளிக்கும் செய்தி இது. தவிடு சேர்ந்திருந்தாலும், மாவு நுண்ணியதாக அரைபட்டுவிட்டால் செரிமான நீர்கள் மாவுச்சத்தை விரைவாகவே சிதைத்துவிடுகின்றன.

இக்குறியீட்டைத் தாழ்த்துவது நிறமன்று, தானியத்தின் பருமன். உடையாத மணிகளோ குருணையோ கலந்த ரொட்டி மெதுவாகச் செரிக்கிறது. எனவே மாவில் ஒரு பங்கைக் குறைத்து, ஊறவைத்த கோதுமை ரவையைச் சேர்ப்பது பயன் தரும். நீண்ட நேரம் புளிக்கவைப்பதும் உதவும். புளிப்பில் உண்டாகும் அமிலங்கள் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதுடன், இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டேட்டையும் குறைக்கின்றன.

எந்த மாவை வாங்கலாம்?

நியாயவிலைக் கடையில் கிடைக்கும் கோதுமையைக் கழுவி, நன்கு உலர்த்தி, மாவு மில்லில் அரைத்துக் கொள்வது சிறந்த வழி. அரைத்த மாவைச் சலித்துத் தவிட்டை வீசிவிடக் கூடாது. முளையின் எண்ணெய் நாளடைவில் காறிவிடும். கடலோர ஈரக்காற்றில் வண்டும் விரைவில் பற்றும். ஆதலால் இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் அரைத்து, காற்றுப்புகாத கலனில் வைக்கவும்.

பொட்டலத்தில் வாங்குவோர், உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். எடையில் மிகுந்த பொருளே பட்டியலில் முதலில் வரும். பழுப்பு நிற ரொட்டியாயினும் முதலில் மைதா இருந்தால், நிறம் எரித்த சர்க்கரையினுடையதாக இருக்கலாம்.

வீட்டில் சுடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2016 மே மாதத்தில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தில்லியில் 38 ரொட்டி வகைகளைச் சோதித்து, அவற்றுள் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாக அறிவித்தது. அடுத்த மாதமே புரோமேட்டைப் பயன்படுத்த இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. வீட்டு ரொட்டிக்கு இத்தகைய சேர்மானங்கள் எவையும் தேவையில்லை.

ஒரு கலவை

முழுக்கோதுமை மாவு 350 கிராம், மைதா 100 கிராம், கோதுமை ரவை 50 கிராம், உப்பு 5 கிராம், உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. சர்க்கரை வேண்டாம். ரவையை 50 மில்லி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து ஆறவிடவும். பிறகு எல்லாவற்றையும் ஏறத்தாழ 325 மில்லி நீர் விட்டுப் பிசையவும். கோதுமைப் புரதம் நீரோடு சேர்ந்து குளூட்டன் என்னும் வலையாகிறது; ஈஸ்ட் வெளியிடும் வளியை அவ்வலையே பிடித்து வைக்கிறது. தவிடு அவ்வலையை அறுப்பதால் முழுக்கோதுமை ரொட்டி குறைவாகவே உப்பும். சிறிதளவு மைதா சேர்ப்பது அதற்காகவே. பழகியபின் அதையும் குறைக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் மாவு விரைந்து பொங்கும் என்பதால் ஈஸ்ட்டைக் கூட்ட வேண்டாம். மாவு இரு மடங்கானதும் இரண்டு சிறு அச்சுகளில் இட்டு, மீண்டும் பொங்கவிட்டு, 200 பாகை வெப்பத்தில் 30 முதல் 40 நிமிடம் சுடவும்.

ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து உண்டு. சர்க்கரை நோயாளி ஒரு வேளைக்கு இரண்டு துண்டுகளோடு நிறுத்தி, முட்டை, சுண்டல், காய்கறி ஆகியவற்றால் வயிற்றை நிறைப்பது நன்று. ஜாம் தவிர்க்கவும். உண்டபின் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரையை ஒருமுறை அளந்து பாருங்கள். பெரும்பாலோர்க்கு 180 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். உணவை மாற்றியதால் மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் குறைக்கக் கூடாது.

சிலருக்கு மட்டும்

சீலியாக் நோய் உள்ளோர்க்குக் கோதுமை எவ்வடிவிலும் ஆகாது. மைதா, ரவை, ஆட்டா மூன்றுமே விலக்கப்பட வேண்டியவை. இந்நோய் வட இந்தியாவைவிட நம் பகுதியில் குறைவு. எனினும் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு அரிசி, உளுந்து, கேழ்வரகு ஆகியவை துணை. குளூட்டன் இல்லாமலே வளியைப் பிடித்து வைக்கும் இயல்பு உளுந்துக்கு உண்டு என்பதற்கு இட்டலியே சான்று. 100 கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்தும் உள்ளது. அவற்றைக் கோதுமை அரைத்த மில்லில் அரைக்காமல், வீட்டிலேயே தனியாக அரைத்துக் கொள்ள வேண்டும்.

சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தோர்க்கு, தவிட்டில் உள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் கவனிக்கத்தக்கவை. அவர்கள் முழுக்கோதுமைக்கு மாறுமுன் தம் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டறிவது அவசியம். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, வீட்டில் பயன்படுத்தும் மாவின் பொட்டலத்தையும், ரொட்டி உண்டபின் அளந்த சர்க்கரைக் குறிப்பையும் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாவையும் அளவையும் சேர்ந்தே முடிவு செய்வோம்.