மண் கரையாத மரக்கறிப் பெட்டி: நாமே செய்வோம்

"லயத்துப் பக்கத்துல கொஞ்சம் கீரை போட்டோம். ஒரு மழைதான் பெய்ஞ்சிச்சு, மண்ணோட சேர்ந்து எல்லாம் கானுக்குப் போயிருச்சு." இப்படிச் சொல்லாத வீடு தோட்டத்தில் குறைவு. மழைக்குத் தப்பியதைக் கோழி கிளறும், குரங்கு பிடுங்கும். பலகையில் பெட்டி அடித்தாலோ ஈரத்தில் சீக்கிரம் உக்கிப்போகும். கொங்கிறீட் பெட்டி செய்து அதற்கு மூடியும் போட்டால் பல வருடம் நிற்கும்.

இது நிலத்தோடு சேர்த்துக் கட்டுவதல்ல. வெறும் பெட்டி ஏறக்குறைய 115 கிலோ. ஆறு பேர் கம்பு கொடுத்துத் தூக்கலாம். நாளைக்குப் புது வீடு கிடைத்தால் பெட்டியும் கூடவே வரும்.

இடம்

முதலில் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கானை அடைக்கக் கூடாது. மண்திட்டின் விளிம்பில் வைக்கவும் கூடாது. இடம் போதாதென்று லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவை வெட்டவே வேண்டாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியதை மறக்கக் கூடாது.

தேவையானவை

பெட்டியின் வெளி அளவு: நீளம் 3 அடி, அகலம் 15 அங்குலம், உயரம் 12 அங்குலம். சுவரும் அடியும் 2 அங்குலத் தடிப்பு.

5 லீற்றர் டின்னால் அளந்தால்:
சீமெந்து – இரண்டரை டின் (சுமார் 18 கிலோ)
கழுவிய ஆற்று மணல் – 5 டின்
அரை அங்குலத்துக்கு மேற்படாத சல்லி – ஏழரை டின்
தண்ணீர் – 9 லீற்றருக்கு மேல் வேண்டாம்

50 கிலோ மூட்டை ஒன்றில் இரண்டு பெட்டி செய்யலாம். இரண்டு வீட்டார் சேர்ந்து வாங்கினால் செலவு பாதி. மருந்து வந்த பழைய டின்னை அளக்க எடுக்காதீர்கள். நாம் சாப்பிடும் கீரை வளரப்போகும் பெட்டி இது.

செய்முறை

1. பலகையால் இரண்டு அச்சு அடியுங்கள். வெளி அச்சின் உள் அளவு 36 × 15 அங்குலம், உயரம் 12. உள் அச்சின் வெளி அளவு 32 × 11, உயரம் 10. உள் அச்சின் மேலே இரண்டு குறுக்குச் சட்டம் அடித்தால், அது வெளி அச்சின்மேல் தொங்கி நிற்கும். பலகைக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள், ஒட்டாது.

2. மட்டமான இடத்தில் பொலித்தீன் விரித்து வெளி அச்சை வையுங்கள். ஒரு அங்குலக் குழாய்த் துண்டு நான்கை அடியில் நிறுத்துங்கள். தண்ணீர் வடியும் துவாரம் இவைதான்.

3. மணலையும் சீமெந்தையும் ஒரே நிறமாகும்வரை உலர்வாகப் புரட்டி, பிறகு சல்லி சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது.

4. அடியில் 2 அங்குலம் போட்டு இடியுங்கள். உள் அச்சை இறக்கி, சுவரின் நடுவில் கோழிக்கூட்டுக் கம்பிவலை நிறுத்தி, மீதியை நிரப்புங்கள். குச்சியால் குத்தி, பலகையை வெளியே தட்டினால் காற்று போய்விடும். அடியும் சுவரும் ஒரே நாளில் முடிய வேண்டும்.

5. உள் அச்சை மறுநாளும், வெளி அச்சை இரண்டு நாள் கழித்தும் மெதுவாகக் கழற்றுங்கள். பிறகு ஈரச் சாக்கு மூடி, 7 நாள், குளிர் கூடின இடமென்றால் 10 நாள், காயவிடாமல் நனையுங்கள். பெட்டியைத் தூக்க இரண்டு கிழமை பொறுங்கள்.

"தண்ணி கூட ஊத்தினா கலக்க லேசு" என்பார்கள். கலக்க லேசுதான். ஆனால் அந்தக் கூடின தண்ணீர் வற்றின இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாகி, சுவர் பலமில்லாமல் வெடிக்கும். கலக்கும்போது தண்ணீர் குறைவு, இறுகின பிறகு தண்ணீர் நிறைவு. பெட்டியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

கவனம்: ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும். கையுறை போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

மண்ணும் மூடியும்

புதுக் கொங்கிறீட்டில் சுண்ணாம்புக் காரம் இருக்கும். துவாரத்தை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாளில் கொட்டுங்கள். மூன்று தடவை செய்தால் போதும். அதற்கு மேல் தேக்கி வைத்தால் நுளம்பு பெருகி டெங்கு வரும்.

பெட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். துவாரத்தின்மேல் ஓட்டுத்துண்டு, பிறகு பாதி மண், பாதி உக்கிய எருவும் இலைக்குப்பையும். கீரை, கொத்தமல்லி, லீக்ஸ், மிளகாய், போஞ்சி எல்லாம் வரும்.

மூங்கில் பிளாச்சு மூன்றை வில்லாக வளைத்து, நுனிகளை மண்ணில் குத்தி, மேலே வெள்ளைப் பொலித்தீன் கட்டுங்கள். இரண்டு முனையும் திறந்திருக்கட்டும், காற்றுப் போக வேண்டும். அடைமழைக்கும், நுவரெலியாப் பக்கம் தை மாதப் பனிக்கும் இது குடை. வெயில் நாளில் சுருட்டிவிட்டு வலை போடுங்கள். பொலித்தீன் தொய்ந்து தண்ணீர் தேங்கவிடக் கூடாது.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. கலக்கும்போது தண்ணீர் கூடினால் என்ன நடக்கும்?
2. அடியில் துவாரம் ஏன்?
3. ஈரச் சாக்கு எத்தனை நாள்?

மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிற பிள்ளையை முதல் விதை போடச் சொல்லுங்கள்.