நிலம் காயுமுன்: தை முதல் பங்குனி வரை வீட்டுத்தோட்ட வேலைகள்

வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. தையில் ஓரிரு தூறல் இருக்கலாம். அதன் பின்னர் சித்திரைச் சிறுமாரி வரை வானத்தை நம்பிப் பயனில்லை. ஆயினும் மழை நின்ற அன்றே நிலம் காய்ந்துவிடுவதில்லை. மேல்மண் வெளுத்துத் தெரிந்தாலும் ஒரு சாண் ஆழத்தில் ஈரம் நிற்கும். கிணற்றில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். விடியற்காலையில் பனி இலைகளை நனைக்கும். தை மாதத்தில் எமது கையிலுள்ள முதல் இந்த ஈரந்தான். இதை மாசி முடியும்வரை கொண்டுசெல்லும் குடும்பத்துக்கும், தை நடுவிலேயே வெயிலுக்குக் கொடுத்துவிடும் குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் பங்குனியில் கறிச்சட்டியில் தெரியும்.

காணி எங்களுடையதல்ல, இதில் எதை நடுவது என்று கேட்போர் பலர். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னமும் உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோதான் வாழ்கின்றனர். 2009 க்குப் பின்னர் வன்னியில் குடியமர்ந்தவர்களிலும் காணிப் பத்திரம் கைக்கு வராதோர் உள்ளனர். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்காக நிலத்தைச் சும்மா விட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் பறித்துச் சாப்பிடக் கூடியவற்றையும், நாளை புறப்பட நேர்ந்தால் கையோடு எடுத்துச் செல்லக் கூடியவற்றையும் வைத்து ஒரு தோட்டம் செய்யலாம். அந்த நோக்கிலேயே இக்கால வேலைகளைப் பார்ப்போம்.

மண்ணை மூடுதல்

மழையில் இறுகிய மேல்மண்ணை முதலில் மெல்லக் கொத்திவிடுங்கள். ஆழம் வேண்டாம், இரண்டு அங்குலம் போதும். மண்ணிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகவே ஈரம் மேலேறி ஆவியாகிறது. மேற்பரப்பைக் கிளறினால் அந்த வழி அறுந்துவிடும். பிடுங்கிய களையில் விதை பிடிக்கவில்லையாயின் அதைப் பாத்தியிலேயே பரப்பலாம்.

அடுத்து மண்ணை மூட வேண்டும். விவசாயப் போதனாசிரியர்கள் இதனைப் பத்திரக்கலவை இடுதல் என்பர். வைக்கோல், வாழைச்சருகு, பூவரசம் இலை, உக்கிய தென்னோலை எதுவும் ஆகும். மூன்று நான்கு அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். செடியின் தண்டோடு ஒட்ட வைத்தால் கறையான் ஏறும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். வளவைக் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைப்பது எமது வீடுகளில் துப்புரவின் அடையாளமாக இருந்து வருகிறது. உண்மையில் எரிவது பாத்திக்குரிய போர்வை. பாம்பு அண்டும் என்ற பயம் இருந்தால் முற்றத்தைக் கூட்டி வெளியாக வைத்துக்கொண்டு, சருகைப் பாத்திகளுக்குள் மட்டும் போடுங்கள்.

குழை தாழ்ப்பதற்கும் தையே ஏற்ற காலம். வேலிக் கதியால்களில் மாரியில் தழைத்த பூவரசு, சீமைக்கிளுவைக் குழைகளை வெட்டி, கத்தரி, மிளகாய் நிரைகளுக்கிடையில் ஒரு சாண் ஆழத்தில் தாழ்த்து மண்ணால் மூடுங்கள். நிலத்தில் ஈரம் இருந்தால் சில வாரங்களில் உக்கிவிடும். பங்குனியில் தாழ்த்தால் குழை காய்ந்து கிடக்கும், கறையானுக்குத்தான் தீன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்தபோது, கூட்டெருவை ஒரு மாதத்தில் ஆக்க முடியாது என்பதை நாடு முழுவதும் கமக்காரர் பட்டறிந்தனர். முன்னரே குழை தாழ்த்தும் எருக் குழி வைத்தும் பழகிய வீடுகளின் தோட்டங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒரேயடியாக மோட்டர் போட்டு இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறும். எனவே காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக எடுப்பதே கிணற்றுக்கு நல்லது. மாசிக்குப் பின் தண்ணீரில் உவர்ச்சுவை தெரிந்தால் போஞ்சி போன்றவற்றை விட்டுவிடுங்கள். பீற்றூட்டும் தென்னையும் அதை ஓரளவு தாங்கும்.

பல குடும்பங்கள் ஒரே கிணற்றைப் பாவிக்கும் இடங்களில் தோட்டத்துக்கு இறைப்பது சச்சரவுக்குக் காரணமாகிறது. அங்கே கழிவு நீரை நம்பியே தோட்டத்தைத் திட்டமிடுவது நல்லது. அரிசி, மரக்கறி, மீன் கழுவிய தண்ணீரைக் கத்தரிக்கும் பூசணிக்கும் ஊற்றலாம். சவர்க்காரத் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். கீரைப் பாத்திக்கு வேண்டாம். பழைய மண்முட்டி இருந்தால் பப்பாசி அல்லது பூசணி அருகில் கழுத்தளவுக்குப் புதைத்து, நிரப்பி, சிரட்டையாலோ ஓட்டாலோ மூடிவிடுங்கள். முட்டிச் சுவரினூடாக நீர் கசிந்து வேருக்குப் போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மூடாத முட்டியில் டெங்கு நுளம்பு பெருகும் என்பதை மறக்க வேண்டாம்.

எதை விதைக்கலாம்

தை முற்பகுதியில் விதைத்த முளைக்கீரையை மூன்று நான்கு கிழமைகளில் பிடுங்கலாம். வெண்டியும் பயிற்றையும் ஏறக்குறைய 45 முதல் 55 நாட்களில் முதற்காய் தரும். மாசி நடுவுக்குப் பின்னர் விதைப்பதாயின் நாளாந்தம் தண்ணீர் விட முடிந்த அளவுக்கு மட்டும் விதையுங்கள். வன்னியில் காலபோக நெல் வெட்டிய வயலுக்குள் மிஞ்சிய ஈரத்தில் பயறு, உழுந்து, எள்ளு போடுவது தெரிந்த விடயமே. வயலில்லாதோர் வளவு மூலையில் ஒரு பிடி பயறு போட்டாலும் இரண்டு மாதத்தில் அறுக்கலாம். வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும்.

முருங்கையில் மாரி கழியும் காலத்தில் மசுக்குட்டி கூட்டமாக அடிமரத்தில் ஒட்டியிருக்கும். அதிகாலையிலோ பகலிலோ கூட்டத்தைக் கண்டதும் பந்தம் காட்டி அழிப்பதே பழைய வழி; இன்றும் அதைவிட மலிவான வழியில்லை. கூரை ஓலையாயின் பந்தத்தை விட்டு, கொதிநீர் ஊற்றுங்கள். மிளகாயில் வெயில் ஏற ஏற இலைச்சுருள் தோன்றும். அதைப் பரப்புவன இலையின் அடிப்புறத்திலிருந்து சாறு குடிக்கும் சிறு பூச்சிகள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். மா பூக்கும் காலமும் இதுவே. பூ நிற்கையில் தண்ணீர் பாய்ச்சாமல், பிஞ்சு பட்டாணி அளவானதும் பாய்ச்சத் தொடங்குங்கள்.

கையோடு கொண்டுபோகக் கூடியவை

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் புறப்பட்டது ஐப்பசி மழைக்குள், அதாவது விதைப்புக் காலத்தில். உடுபுடவையும் காணி உறுதியும் எடுத்தவர்கள் பலர். அடுப்படியில் இருந்த விதைப் போத்தலை நினைத்தவர்கள் குறைவு. நினைக்க நேரமும் இருக்கவில்லை. விதை சேர்க்கும் காலம் தையும் மாசியும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கடைசியில் மிஞ்சிய சூம்பிய காயை விதைக்கு விடுவது பொதுவான வழக்கம். அது தவறு. நோயில்லாத, நிறையக் காய்த்த செடியைத் தையிலேயே தெரிந்து, அதில் நல்ல காய்கள் இரண்டு மூன்றுக்குத் துணித்துண்டு கட்டி விடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள். இல்லையேல் அது கறிக்குப் போய்விடும். கத்தரிக்காய் நன்கு மஞ்சளாகும்வரை நிற்கட்டும். பின்னர் பிசைந்து தண்ணீரில் இட்டால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதை எறியுங்கள். மிளகாய் செடியிலேயே சிவந்து சுருங்கட்டும். வெண்டியும் பயிற்றையும் காய்ந்து கலகலக்க வேண்டும். பூசணியைப் பறித்து இரண்டு மூன்று கிழமை வைத்த பின் வெட்டினால் விதை முற்றியிருக்கும். ஆனால் அயல் வளவில் வேறு இனப் பூசணி நின்றால் தேனீ கலந்துவிடும். அடுத்த முறை காய் வேறு விதமாக வரலாம். கடையில் வாங்கிய பைக்கற்றில் கலப்பினம் என்றிருந்தால் அதன் காயிலிருந்து விதை எடுப்பதில் பயனில்லை; தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

விதையை நிழலிலும் காலை இளவெயிலிலும் காய விடுங்கள். நடுப்பகலில் சூடேறிய சீமெந்து நிலத்திலோ தகரத்திலோ பரப்பினால் முளைக்கரு செத்துவிடும். பல்லில் கடித்தால் நெரியாமல் உடைய வேண்டும். பின்னர் சலித்து ஆறிய விறகுச் சாம்பலோடு கலந்து, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். விதைக்குமுன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்லது. ஐந்துதான் முளைத்தால் இரட்டிப்பாக விதையுங்கள்.

எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம். பாதியை வேறு ஊரிலுள்ள சகோதரியிடமோ பெரியம்மாவிடமோ கொடுத்து வையுங்கள். அவரும் தன்னுடையதை உங்களிடம் தரட்டும். ஒரு வீடு இல்லாமற்போனாலும் இனம் தப்பும்.

தையில் கிண்டும் இராசவள்ளியின் தலைப்பகுதியைக் கறிக்கு எடுக்காமல், வெட்டுவாயில் சாம்பல் தடவி நிழலில் வையுங்கள். சித்திரையில் நட உதவும். மரவள்ளித் தடிகளைக் கட்டி, அடிப்பக்கம் மண்ணில் இருக்கும்படி மரநிழலில் நிமிர்த்தி வைத்தால் சில வாரங்கள் இருக்கும். பனம்பாத்தியைக் கிண்டும் காலமும் இதுவே. கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும், பச்சையாகக் கிழித்துக் காயவைத்த ஒடியலும் பல மாதம் கெடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு ரின் நிறையப் புழுக்கொடியல் இருப்பது நல்லது.

காணிக்காரருடன் பேசுதல்

பிறர் காணியில் இருப்போர் கீரைக்கும் கத்தரிக்கும் எவரிடமும் பயப்படத் தேவையில்லை. ஆனால் தென்னை, பலா, மா நடுமுன் காணிக்காரரிடம் கேளுங்கள். நீண்டகால மரம் நட்டால் பின்னர் உரிமை கோருவார்களோ என்ற ஐயம் பலருக்கு உண்டு. வெளிநாட்டிலிருக்கும் காணிக்காரரானால், பொறுப்பாக இருப்பவரிடமாவது சொல்லிவிடுங்கள். மரத்தின் பயன் யாருக்கு என்று கிராம அலுவலர் முன்னிலையில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது இரு பகுதியினருக்கும் நல்லது. அதற்குச் சம்மதியாதவரின் காணியில் தேசி, மாதுளை, கறிவேப்பிலைக் கன்றுகளை உரப்பையில் மண்ணும் எருவும் இட்டு வளருங்கள். பையை நிலத்தில் சும்மா வைத்தால் வேர் கீழே ஓடிவிடும். அடியில் கல் வையுங்கள். இரண்டு பேர் தூக்கினால் வண்டியில் ஏறும்.

நெடுநாள் அடைபட்டிருந்த காணிக்குத் திரும்புவோர் பற்றை வெட்டி எரிப்பதும் பெரும்பாலும் இந்த வெயிற்காலத்தில்தான். வடக்கில் 2002 முதல் கண்ணிவெடிகள் பெருமளவு அகற்றப்பட்டுள்ளன. ஆயினும் எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்திலும், விடுவித்ததாக அறிவிக்கப்படாத இடத்திலும் குழி வெட்டவோ நெருப்பு வைக்கவோ கூடாது. தெரியாத இரும்பையோ பிளாஸ்ரிக் பொருளையோ கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விறகு பொறுக்க விட வேண்டாம்.

பங்குனியில் நாற்றுமேடை

பங்குனி நடுப்பகுதியில் மிளகாய், கத்தரி நாற்றுமேடை போட்டால் நாலைந்து கிழமையில், சித்திரைச் சிறுமாரியோடு நாற்று நடத் தயாராகும். ஒரு குடும்பத்துக்கு முப்பது மிளகாய்ச் செடி தாராளம். அதற்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான விதை போதும். மூன்று அடி அகலமாகப் பாத்தி கட்டி, வைக்கோலும் உமியும் மேலே பரப்பி எரியுங்கள். மேல்மண்ணிலுள்ள நோய்க்கிருமியும் களைவிதையும் இதனால் பெரும்பாலும் அழியும். சருகை எரிக்காதீர்கள் என்ற நாமே இதை மட்டும் எரிக்கச் சொல்கிறோம். மண் ஆறியபின் நீர் தெளித்து, நாலு விரல் இடைவெளியில் கோடு கீறி விதையுங்கள். மேலே மெல்லிய வைக்கோல் மூடல் போட்டு, முளை தெரிந்த அன்று மாலையே அதை எடுத்துவிடுங்கள். எறும்பு விதையைத் தூக்கும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் கோடு இடுங்கள். கோழிக்கு முள்ளுக்கொப்பு வைத்தால் போதும்.