புத்தாண்டும் வாசிப்பு இலக்கும்



தை மாதத்தில் “இவ்வாண்டு 50 நூல்கள் வாசிப்பேன்” என்று கொப்பியில் எழுதுவோர் பலர். மாசியில் அது மறந்துவிடும். இன்று எவ்வளவு வாசிப்பது என்பது அதில் இல்லாமையே காரணம். ஆகவே, இலக்கை நாள் அளவில் வகுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்:
நாளொன்றுக்கு 5 பக்கம் × 365 நாள் = 1825 பக்கம்.
150 பக்க நூலாயின், ஆண்டுக்கு 12 நூல்கள்.
வாரத்தில் இரண்டு நாள் தவறினாலும் 1300 பக்கம். 8 நூல்கள் முடிந்துவிடும்.

எதை வாசிப்பது? அறிந்த மண்ணிலிருந்து தொடங்குங்கள். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல். ஓமந்தையில் வளரும் உங்களுக்கு அதன் காடும் குளமும் வயலும் புதியவை அல்ல. பாடசாலை நூலகத்தில் கிடைக்காத ஈழத்து நூல்கள் பலவற்றை, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தில் இலவசமாக வாசிக்கலாம்.

எப்படி வாசிப்பது? நாள்தோறும் திகதி, பக்க எண், ஒரு புதிய சொல், வாசித்ததன் சாரமாக ஒரு வசனம் ஆகியவற்றைக் குறியுங்கள். அவ்வசனம் சுருக்கம் எழுதுவதற்கும், அச்சொல் கட்டுரைக்கும் பயிற்சியாகும். பரீட்சைக்கு முதல் வாரத்தில் மனனம் செய்து இவற்றைப் பெறமுடியாது.

ஒரு நாள் தவறினால் மறுநாள் 10 பக்கம் வாசிக்க முயலவேண்டாம். வழமையான 5 பக்கத்தையே வாசியுங்கள். சுமை கூடினால் பழக்கம் முறியும்.

பயிற்சி
1. உமது நாளாந்தப் பக்க அளவைத் தீர்மானித்து, ஆண்டுத் தொகையைக் கணிக்குக.
2. முதலில் வாசிக்கப்போகும் நூலையும் தெரிவுக்கான காரணத்தையும் மூன்று வசனங்களில் எழுதுக.